சுகவீனர் பட்டியலில் ஓர் இடம்

கூடுவாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் ஆபேலுக்கு, அத்தான் சத்தியநாதன் எழுதுவது. நீ காய்ச்சல் தெளிந்து நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஆண்டவர் கிருபையால் இங்கே நான் பூரண சுகம். என் மனக்குறையே அதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் அக்கா ஹில்டா படித்துவிடுவாள் என்று தபாலில் எழுதுகிறேன்.

நம் தாம்பரம் கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து சுகவீனருக்கான ஜெபத்தில் போதகர் உன் பெயரை வாசித்தார். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு, 'நம் அருமைச் சகோதரர் ஆபேல்' என்று நிறுத்தி நிதானமாக. சபையே ஆமென் என்றது. அப்புறம் வீட்டுக்கு வீடு உனக்கு சூப்பும் சாத்துக்குடியும். முப்பது வருஷமாக அங்கே காணிக்கைப் பை ஏந்துகிறேன், என் பெயரை ஒருவரும் வாசித்ததில்லை. ஒளிப்பானேன், எனக்குப் பொறாமைதான், வயிறு எரிகிறது.

நானும் முயன்று பார்த்தேன். மின்சார ரயிலில் இருமுகிறவர் பக்கத்தில் இடம் தேடி உட்கார்ந்தேன், இரண்டு தும்மலோடு போயிற்று. பெருங்களத்தூரில் தெருவோரப் பானிபூரி இரண்டு தட்டு தின்றேன், ஓர் ஏப்பம் வந்தது. பிறகு வாசல் கேட் கிழித்து என் கட்டைவிரல் சிவந்து, வீங்கி, சீழ் பிடித்தது. ஆசையாக ஹில்டாவிடம் நீட்டினேன். உயிரியல் டீச்சர் ஆயிற்றே.

"இது வியாதி இல்லீங்க. வெள்ளையணுங்க ஓடி வந்து கிருமிய முழுங்குது, செத்த அணுங்கதான் அந்தச் சீழ். மூக்குல சளி, வயித்துல அமிலம், எல்லாம் பிறக்கும்போதே வந்த காவல். வெளியாளுன்னா யாரு எவருன்னு கேக்காம அடிச்சுடும்" என்றாள்.

"அப்ப உன் தம்பிக்கு வந்த காய்ச்சல்?"

"அதுவும் உடம்பே மூட்டுற சூடுதான். கிருமிக்கு அது ஆகாது."

ஆக, உன் காவலாளிகள் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டுப் பெயர் வாங்கினார்கள். என்னுடையவர்கள் வாசலிலேயே சத்தமில்லாமல் முடித்தார்கள், அதற்கு ஓர் ஆமென்கூட இல்லை. இது என்ன நியாயம்? நீ போதகரிடம் பேசி, வரும் ஞாயிறு என் பெயரையும் சேர்க்கச் சொல். கட்டைவிரலுக்காக என்றாலும் சம்மதம். ஒரே ஒரு தடவை காதால் கேட்டால் போதும்.

உன் மனைவி ஹெப்சிக்கு என் ஆசீர்வாதம். பட்டியலில் இடம் காலியாக இருக்கும்படி கர்த்தர் உன்னைச் சுகத்தோடு காப்பாராக.

அன்பு அத்தான்,
சத்தியநாதன்

பின்குறிப்பு (அடுத்த திங்கள்): தபாலில் சேர்க்குமுன் எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது, நூற்றிரண்டு டிகிரி. நீ யாரிடமும் பேச வேண்டாம், ஹில்டாவே போதகரிடம் சொல்லிவிட்டாள். நேற்று ஞாயிறு ஆராதனையில் என் பெயரை வாசித்தார்களாம். நான் வீட்டில் போர்வைக்குள் கிடந்தேன். நீ அங்கே இருந்தாய் அல்லவா, போதகர் எப்படி வாசித்தார்? யாராவது ஐயோ பாவம் என்றார்களா?