ராகு காலத்தில் ஒரு வயலின்

சில பேருக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி இருக்கும், சில பேருக்கு நல்ல குரல் இருக்கும். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இளநீர்க் கடையில் வெட்டுவதற்கு முன்னால் காயைக் குலுக்கிப் பார்ப்பேன். வெட்டிய பிறகு, "இது நான் குலுக்குன காய்தானா?" என்று கேட்பேன். பஸ்ஸில் கண்டக்டர் "தர்மபுரி, தர்மபுரி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் போர்டைப் பார்ப்பேன், போர்டைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் கேட்பேன். (டிரைவர் முறைப்பார். முறைத்தால் சரியான பஸ் என்று அர்த்தம்.) இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் வேலை. பரீட்சை ஹாலில் பிட்டு பிடித்துப் பிடித்து, எவனாவது சட்டைக் கையை மடித்துவிட்டாலே எனக்கு உடம்பு பரபரக்கும். என் கல்யாணத்தன்று மணமேடையிலேயே ஒரு சந்தேகம் கேட்டவன் நான். அது என்ன சந்தேகம் என்பதை இப்போதைக்கு விடுங்கள். கடைசிவரைக்கும் வெளியே சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இந்தக் கதை நடந்த அன்றைக்கும் நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவனிடம் ஊர் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் கொடுத்தது. "தர்மபுரி விசேஷங்கள்" என்று பெயர். எங்கே கச்சேரி, எங்கே நாடகம், எங்கே காதுகுத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா, எல்லாம் அதில் வரும். ஒரு தடவை "மாபெரும் இன்னிசை இரவு, அனுமதி இலவசம்" என்று எவனோ அனுப்ப, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனம் கிளம்பி வந்து, பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எந்த அழைப்பிதழ் வந்தாலும் "வாத்தியார் பாத்து சொல்லட்டும்" என்று ஆகிவிட்டது. நான் பச்சை டிக் போட்டால் உண்மை. சிவப்புப் பெருக்கல் போட்டால் போலி. தாசில்தாருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் இருந்திருக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அத்தோடு நின்றேனா? ஞாயிறுதோறும் குழுவுக்குப் பாடம் வேறு எடுத்தேன். "அட்மின் பேர்லயே 'அவசரம், உடனே வாங்க'ன்னு மெசேஜ் வந்தா நம்பாதீங்க. அது அட்மின் இல்ல, ஹேக்கர்." வீட்டில் மனைவி மஞ்சுளாவுக்குத் தனி வகுப்பு. "இப்பல்லாம் மூஞ்சி, குரல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பண்ணிடறாங்க. நானே வீடியோ கால்ல வந்து பேசினாலும் நம்பாத. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேளு. பதில் சொன்னாத்தான் நான்."

"வூட்டுக்காரரே நீங்கதானான்னு உங்களையே கேக்கணுமா?" என்றாள் அவள்.

"கேக்கணும்," என்றேன். (விதி அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.)

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அழைப்பிதழ் வந்தது. மாரண்டஹள்ளி மாதையன் மகள் நந்தினியின் வயலின் அரங்கேற்றம். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரத்து மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை. அனைவரும் வருக, சிற்றுண்டி உண்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தேன். மாரண்டஹள்ளியில் தக்காளி விளையும், வயலின் எப்படி விளையும்? சந்தேகம் ஒன்று. தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா என்று ஒரு சொந்தக்காரர் பெயர்கூட அழைப்பிதழில் இல்லை. நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் திறந்தாலே நாற்பது பெயர் போடுவார்கள். சந்தேகம் இரண்டு. மூன்றாவதுதான் என்னைத் துள்ள வைத்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு, அச்சு அசலாக ராகு காலம்! ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. பெற்ற பெண்ணின் முதல் கச்சேரியை எந்தத் தகப்பன் ராகு காலத்தில் வைப்பான்? காலண்டர் பார்க்கத் தெரியாத எவனோ வடநாட்டு மோசடிக்காரன் வேலை என்று முடிவு கட்டினேன். சிவப்புப் பெருக்கல் போட்டு, "போலி. யாரும் போய் ஏமாற வேண்டாம். எல்லாக் குழுவுக்கும் பகிரவும்" என்று எழுதினேன். பகிர்ந்தார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் வரைக்கும் பகிர்ந்தார்கள். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூட்டிய மண்டபத்தைப் படம் பிடித்து, "நான் அப்பவே சொன்னேன் பாருங்க" என்று போட ஆசை வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மண்டபம் திறந்திருந்தது. வாசலில் வாழைமரம். ஒரு மேஜையில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. புது வேட்டி கட்டிய ஒருவர் பன்னீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க வாங்க! நீங்கதாங்க மொத ஆளு!" என்று பாதிச் சொம்புப் பன்னீரை என் தலையில் தெளித்துவிட்டார். "நான் மாதையன். பொண்ணோட அப்பா. தக்காளி மண்டி வச்சிருக்கேனுங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். இருநூறு நாற்காலி. பத்து பேர். அதில் ஏழு பேர் வீட்டு ஆட்கள், மூன்று பேர் மேடையில் இருந்தார்கள். நந்தினி, மிருதங்கக்காரர், தம்பூராப் பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய டீச்சர். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தாள். சேர்ந்து முடிந்த சுருதியைக் கலைத்துவிட்டு மறுபடியும் சேர்த்தாள். மணி நாலே முக்கால்.

"ஏனுங்க, ராகு காலத்துல வச்சிருக்கீங்களே?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"காலைல ஒரு கல்யாணம், ஆறரைக்கு ஒரு ரிசப்ஷன். நடுவுல ராகு காலம்னு மண்டபத்தை யாரும் கேக்கறதில்லீங்க. அதான் எங்களுக்குக் கெடச்சுது. எம்பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வயலினுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது, புடிங்கப்பா'ன்னுது. அதுக்கே சொந்தக்காரங்க பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டாங்க, அவங்க பேரும் போட வேணாம்னுட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "மிச்சம் இருந்தவங்களையும் ஒரு பாவி கெடுத்துட்டானுங்க. வாட்ஸ்அப்புல போலின்னு போட்டுட்டானாம். எவனோ வேலைவெட்டி இல்லாதவன். அவன் நல்லா இருப்பானுங்களா?"

"இருக்க மாட்டான்," என்றேன். (வேறு என்ன சொல்வது?)

"எட்டு வருசமுங்க சார். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வந்து கத்துக்கிட்டுது. இப்ப ஆளே இல்லாம வாசிக்க மாட்டேன், இனிமே வயலினையே தொட மாட்டேங்குது. ஆறு மணிக்கு மண்டபத்தை விட்டுடணும். நீங்களாச்சும் முன்னாடி போயி உக்காருங்க. ஒரு ஆளு வந்துட்டாருன்னு அதுக்குத் தெரியட்டும்."

முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். நந்தினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுது முடித்த கண். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை ஹாலைவிட்டு எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன், ஒரு தப்பும் செய்யாத பிள்ளையை அனுப்பியது அன்றைக்குத்தான்.

குழுவில் எழுதினேன். "அரங்கேற்றம் உண்மை. அவசரம். எல்லாரும் உடனே வாங்க."

பதில் ஒரே நிமிஷத்தில் வந்தது. "அட்மின் போன் ஹேக் ஆயிடுச்சு. யாரும் போகாதீங்க." அடுத்தது, "வாத்தியார் சொன்ன மாதிரியே நடக்குது பாருங்க. வாத்தியார் வாத்தியார்தான்!" மூன்றாவதாக, இன்னொரு அட்மின் என்னையே குழுவைவிட்டு நீக்கினான். அவன் என்னிடம் படித்த பையன், அதுவும் முதல் பெஞ்சு.

மேடைக்குப் பின்னால் திரை மறைவுக்கு ஓடிப் போய் மஞ்சுளாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ஒரு நாற்காலியில் பூக்கூடையும், வரவேற்புரைக்கு வைத்திருந்த மைக்கும் இருந்தன. மைக் ஆன் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது.

"மஞ்சு, நம்ம தெருவுல இருக்கறவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே அதியமான்கோட்டை மண்டபத்துக்கு வா!"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"நான்தான்டி!"

"எங்க வூட்டுக்காரரு யாரையும் எங்கயும் வாங்கன்னு கூப்பிடற ஆளில்ல. போகாதீங்கன்னுதான் சொல்லுவாரு. சரி, கேள்வி கேக்கறேன். கல்யாணத்தன்னிக்கு மணமேடையில என்னைய என்ன கேட்டீங்க?"

"வேற கேள்வி கேளேன்."

"அப்ப நீங்க அவரில்ல. வச்சிடறேன்."

"இரு, இரு! சொல்றேன்." பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். "பியூட்டி பார்லர்ல உனக்குப் போட்ட மேக்கப்புல எனக்கு அடையாளமே தெரியல. பொண்ணை மாத்திட்டாங்களோன்னு சந்தேகம் வந்துடுச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி குடுத்த கையில ஒரு தழும்பு பாத்திருந்தேன். அதனால தாலி கட்டறதுக்கு முன்னாடி, 'வளையலை மேல தள்ளு, தழும்பைப் பாக்கணும்'னு சொன்னேன். போதுமா?"

என் குரல் எனக்கே எங்கிருந்தோ திரும்பிக் கேட்டது. யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். "அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் புள்ள அரங்கேற்றத்தைப் போலின்னு போட்ட பாவி நான்தான், மஞ்சு. நான் பண்ணது பெரிய தப்பு. மனசு தாங்கல. தயவு செஞ்சு வா."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஹாலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாக ஹைவேயும் கேட்டிருக்கிறது. ரிசப்ஷனுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். பூ அலங்காரத்துக்காரர்கள் ஏணியோடு வந்தார்கள். எதிர் டீக்கடையிலிருந்து லாரி டிரைவர்கள் கிளாஸோடு ரோட்டைக் கடந்து வந்து, "யாருப்பா அந்தத் தழும்பு மாப்பிள்ளை?" என்று தேடினார்கள்.

மாதையன் என்னை நோக்கி நடந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பன்னீர்ச் சொம்பை என் கையில் கொடுத்தார்.

"நீங்க வெரட்டி விட்டவங்களை நீங்களே கூப்பிடுங்க," என்றார். "போங்க, வாசல்ல நில்லுங்க."

நின்றேன். போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் பன்னீர் தெளித்து, "வாங்க, வயலின் கேளுங்க, கேசரி இருக்கு" என்று கூப்பிட்டேன். ஒரு ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க, ஏதாச்சும் விக்கறீங்களா?" என்று கேட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மஞ்சுளா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்னால் மூன்று ஆட்டோவில் எங்கள் தெரு. "வா மஞ்சு" என்று நான் கூப்பிட்டது காதில் விழாத மாதிரி என்னைத் தாண்டி நேராக ஹாலுக்குள் போனாள். எல்லார் கண்ணும் அவள் கையிலேயே இருந்ததைக் கவனித்திருப்பாள் போல. வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளி, கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. ஒரிஜினல்தான்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மேடையில் நந்தினியும் சிரித்தாள். சிரித்த சிரிப்பு முகத்தைவிட்டுப் போவதற்குள் வில்லை எடுத்துத் தந்தியில் வைத்தாள். மணி ஐந்தேகால்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்களில் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை என்பது தெரியும். லாரிக்காரர் ஒருவர் காலி கிளாஸைக் கையில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மாதையன் தூணோடு சாய்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் நின்றபடி நானும் அழுதேன், பன்னீர் கண்ணில் பட்டுவிட்டதாக ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஆறு மணிக்கு ரிசப்ஷன் வீட்டார் வந்தார்கள். "இன்னொண்ணு வாசிம்மா, நாங்க மெதுவா ஆரம்பிச்சுக்கறோம்" என்று அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகம் கேட்கும் உரிமை ரத்தாகிவிட்டது. பால்காரரைப் பார்த்து வாயைத் திறப்பேன். மஞ்சுளாவின் கை வளையலுக்குப் போகும். நான் வாயை மூடிக்கொள்வேன். தழும்பே இல்லாத என் மகள்கூட வாட்ச்சை மேலே தள்ளிக் காட்டுகிறாள்.

போன மாதம் மாதையன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். நந்தினிக்குக் கல்யாணம். "காலண்டர் பாத்துத்தான் வச்சிருக்கோமுங்க சார், நீங்களும் ஒருக்கா பாத்துக்குங்க," என்று சிரித்தபடி பத்திரிகையைக் கொடுத்தார். இந்தத் தடவை நாற்பது பெயர் இருந்தது. கடைசி வரியில், "வாசலில் வரவேற்பு: கணக்கு வாத்தியார் குமரேசன்."

மூன்று தடவை படித்தேன். இதே பெயரில் வேறு கணக்கு வாத்தியார் யாராவது இருப்பார்களோ என்று கேட்கலாம் என நிமிர்ந்தேன்.

மஞ்சுளாவின் கை வளையலில் இருந்தது.