பத்து நிமிஷ வேலை

“பத்து நிமிஷ வேலை ஈஸ்வரி. டேங்க்கக் கழட்டி, உள்ள கீற துருவ அலசிட்டு மாட்டிட்டா அவ்ளோதான்” என்றபடி வேடியப்பன் பைக்கின் சீட்டைத் தூக்கிக் கீழே வைத்தான்.

ஈஸ்வரி பையும் கையுமாக வாசலில் நின்றாள். உள்ளூரிலேயே இருந்த அவளுடைய அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தம்பி இளவரசன் கூட இருந்தான். விடியற்காலையில் அவனிடமிருந்து வேடியப்பனுக்குப் போன் வந்தது. “மாமாவுக்குக் கொஞ்சம் முடியலையாம்” என்று வேடியப்பன் சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

“நான் பஸ்ஸுலயே போறேங்க.”

“மலைய எறங்கி, அங்க இன்னொரு பஸ்ஸு ஏறி... எப்பப் போய்ச் சேர்றது? இத்தப் புடி.”

பெட்ரோலை அடைக்காமலே டியூபை இழுத்தான். பீய்ச்சி அடித்ததில் பாதி தரைக்கும் மீதி அவள் புதுப் புடவைக்கும் போனது. திட்ட வாயெடுத்தவளின் கைகளில் டேங்க்கைக் குழந்தை மாதிரி ஏந்தக் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்தினாள். கையைக் காட்டலாமென்றால் கையில் டேங்க். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் டேங்க்கோடு நிற்கமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, விசில் அடித்துவிட்டார்.

“போச்சி. அடுத்த பஸ்ஸு சாயந்தரந்தான்.”

“பஸ்ஸு கெடக்குது வுடு” என்ற வேடியப்பன், துருவைச் சுரண்ட ஒரு கை பொடிஜல்லியை டேங்க்குக்குள் போட்டுக் குலுக்கினான். பிறகு கவிழ்த்தான். போட்டது ஒரு கை, வந்தது அரைக் கை. மீதி உள்ளே எங்கேயோ ஒண்டிக்கொண்டு, ஆட்டும்போதெல்லாம் கிலுகிலுப்பை வாசித்தது.

“இளவரசனுக்காவது ஒரு போன் போட்டுக் குடுங்க.”

“டவர் இல்ல.”

“அப்ப கோபால் வண்டிய வாங்கிக்கினு வாங்க. அதுல போலாம்.”

பக்கத்துத் தெரு கோபால் அவனுடைய சினேகிதன். வேடியப்பன் போனான். வெகுநேரம் கழித்து நடந்தே திரும்பி வந்தான். கையில் ஒரு பெட்ரோல் டியூப்.

“வண்டி எங்க?”

“நம்ம டியூபு வெடிச்சிப்போச்சி. அவன் வண்டி டியூபு சேருமானு பாக்கலாம்னு...”

“வண்டியக் கேக்கச் சொன்னா, டியூபப் புடுங்கிக்கினு வந்து நிக்கிறீங்களா?”

அந்த டியூப் சேரவில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வண்டியும் படுத்ததுதான் மிச்சம்.

ஈஸ்வரிக்கு மரியாதையெல்லாம் பறந்துபோனது. “யோவ்! ஊரு வண்டியெல்லாம் பழுது பாக்குற கையா இது? எங்கப்பன் அங்க இழுத்துக்கினு கெடக்குறாரு, நீ இங்க கல்லப் போட்டு ஆட்டிக்கினு கீறியா? பொண்ணு குடுத்த மனுசன்யா! அவரு மூஞ்சியப் பாக்க வுடாம பண்ணிட்டா, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!”

அவன் குனிந்து ஏற்கெனவே கழற்றியிருந்த போல்ட்டையே தேடிக்கொண்டிருந்தான்.

“நான் நடந்தே மலை எறங்குறேன்.” பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

வேடியப்பன் பாய்ந்து வந்து பையின் காதைப் பிடித்துக்கொண்டான். “இரு ஈஸ்வரி. இன்னும் பத்தே நிமிஷம்.” காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். தன்னைக் கண்டு இந்த மட்டுக்கும் பயமிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரத்திலும் ஒரு சின்னத் திருப்தி.

அப்போது கோபால் ஓடிவந்தான். டியூபுக்குத்தான் சண்டைக்கு வருகிறான் என்று ஈஸ்வரி கூசிப்போய் ஒதுங்கி நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேடியப்பனின் தோளில் கை வைத்து, தணிந்த குரலில் சொன்னான்:

“போதும்ணா, அண்ணிய வுடு. பாடி வர்ற வரைக்கும் அக்காவுக்குச் சொல்லாத, எப்படியாவது வூட்லயே வெச்சிருனு இளவரசன் சொன்னான்ல... வண்டி ஊருக்குள்ள வந்துடுச்சி.”