எலுமிச்சை திருடிய மூச்சு

பிராணவாயுக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. குளிர்தேசத்தில் இருக்கும் எங்கள் நீஷ் நகரத்தில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார். சம்பளம் கிடையாது; சீருடை என்றால் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு. படுக்கையறையில் செடியைக் கண்டால் “ராத்திரியில நம்ம மூச்சைக் குடிச்சிடும்!” என்று தொட்டியை நடைக்குக் கடத்துவார்; ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளியை விசாரிக்கும் முன் பூங்கொத்தை வெளியேற்றுவார்; பிறகு சன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தி, இடுக்கில் துணி திணித்து, நிம்மதியாக ஒரு சிகரெட் பற்றவைப்பார். ஏன் சாத்துகிறார்? ஊதல் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளுமே, காது போய்விடுமே!

செடி மூச்சு விடுவது உண்மைதான். ஆனால் வெளிச்சம் பட்டால், நாம் விட்ட கரியமில வாயுவை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தான் இழுத்ததைவிடக் கூடுதலாகவே பிராணவாயுவைத் திருப்பித் தரும். இரவில் அது இழுப்பதெல்லாம் பக்கத்தில் குறட்டை விடுபவர் இழுப்பதில் கொசுறு. குறட்டைக்காரரை யாராவது நடையில் படுக்கவைத்ததுண்டா?

எங்கள் காவலர் ஐந்தாம் மாடி ராதிவோயே. போன ஜனவரியில் கீழ்வீட்டுத் தெசாங்கா வீட்டில் குடும்பப் புனிதர் நாள். வீட்டைக் காக்கும் புனிதருக்கு வருஷாவருஷம் எடுக்கும், அழைக்காமலே எல்லாரும் போகும் விருந்து. பட்டப்பகல். அடைத்த அறைக்குள் எரியும் அடுப்பு, ஆளுயர மெழுகுவர்த்தி, முட்டைக்கோஸ் உருண்டை வாசம், பிளம் சாராயம், ஆளுக்கொரு சிகரெட். சன்னலோரம் வெயில் காய்ந்தபடி ஓர் எலுமிச்சை மரம். அவளுடைய செத்துப்போன கணவர் தன் டீ கிளாஸிலிருந்து எடுத்து நட்ட விதை அது. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது.

எல்லாருக்கும் தலை சுற்றியது. ராதிவோயே எழுந்தார்.

“எலுமிச்சைதான்! மொத்தக் காத்தையும் உறிஞ்சுது. தூக்கிப் பால்கனியில போடுங்க!”

“ஐயோ, வெளிய பனியா உறைஞ்சு கெடக்குண்ணே. ஒரு மணி நேரத்துல கருகிடும்.”

“மரம் பெருசா, மனுஷன் பெருசா தங்கச்சி?”

பால்கனிக் கதவைத் திறந்து மரத்தைத் தூக்கிப்போனார்கள். குபுகுபுவென்று குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. தலைகள் தெளிந்தன.

“பாத்தீங்களா? மரம் போச்சு, மூச்சு வந்துச்சு! கதவை மூடுங்கய்யா, ஊதக்காத்து!”

தெசாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னா சரிதாண்ணே. ஆனா சந்தேகம்னு வந்துட்டா எல்லாரையும்தானே சோதிக்கணும்? மரம் உள்ள வரட்டும். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

சாராயம் உள்ளே போன சபை அல்லவா, கைதட்டியே அவரை எழுப்பிவிட்டது. மறுபடி கதவு திறந்தது. மரம் உள்ளே, ராதிவோயே வெளியே. மறுபடி குபுகுபு.

“அடேயப்பா! அண்ணன் போனதும்தான் மூச்சே வருது!” என்றாள் தெசாங்கா.

பால்கனியிலிருந்து அவர் துண்டை இறுக்கிக்கொண்டு கத்தினார்: “முதல்ல கதவை மூடுங்க, உங்களுக்கு ஊதக்காத்து படும்!” எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்றிரவு ஏசிக்காகச் சன்னலை அடைத்துவிட்டு, மணிபிளான்ட்டைத் தூக்கி வெளியே வைக்கப் போகிறவர் நீங்கள்தானே? தொட்டியை எடுக்குமுன், யார் வெளியே போனால் மூச்சு வரும் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.