லிடியாவின் வைஃபையும் ஏசுதாசின் ஸ்டிக்கரும்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, பல்கலைக்கழக வைஃபை உதவி மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மஞ்சுளா, வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள். இந்தப் பக்கம் லிடியா, வயது ஐம்பத்தொன்று, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். அவளை ஒட்டி பென்னலூர்க் கிளியம்மாள், அதே கேன்டீன், அதே வகுப்பு. அவளுக்கு வைஃபை கிடைத்துவிட்டது; வேடிக்கை பார்க்க நின்றாள். நான்காவது ஆள் லிடியாவின் கணவர் ஏசுதாஸ். உதவிக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் கெடுக்க வந்திருந்தார்.

லிடியா சேர்ந்திருந்தது கேன்டீன் சூப்பர்வைசர் படிப்பு. இருபத்து நான்கு சனிக்கிழமை. பாடம், பரீட்சை எல்லாம் லேப்டாப்பில். அன்று பதினொரு மணிக்குள் லேப்டாப்பை வைஃபையில் பதிவு செய்யாவிட்டால், இடம் அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

ஏசுதாசுக்குப் படிப்பின் மேல் பகை இல்லை. சனிக்கிழமையின் மேல் பற்று, அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் லிடியா ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமைத்தாள். ஞாயிறு கோயிலுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போய்விடும். சனி ஒரு நாள்தான் ஒரே ஒருவருக்குச் சமைத்தாள். சங்கரா மீன் குழம்பு, வறுத்த துண்டு இரண்டு, எதிரில் உட்கார்ந்து அவள் சொல்லும் கேன்டீன் கதை. இதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஓய்வு பெறும் வரை ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் இருபத்திரண்டு வருடம் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர்களின் செல்போன் கேமரா மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. கடைசி நாள் பையில் தங்கிவிட்ட அட்டையில் பன்னிரண்டு ஸ்டிக்கர் இருந்தன. வைஃபை பதிவில் கடைசிப் படி லேப்டாப் கேமராவுக்கு முகம் காட்டுவது என்று சுற்றறிக்கையில் படித்ததும், அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம் விழித்துக்கொண்டது.

அன்று காலை ஆறரைக்கு, லிடியா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்டிக்கரை உரித்து கேமரா மேல் ஒட்டினார். கறுப்பு விளிம்பில் கறுப்பு ஸ்டிக்கர். அவருக்கே தேடினால்தான் தெரிந்தது. அட்டையின் ஓரத்தில் பென்சிலால் '11' என்று எழுதி, யாரும் திறக்காத இடத்தில் ஒளித்தார். அந்த இடம் ஜெபப் புத்தகம். அவர் அதைத் திறப்பதில்லை என்பதுதான் அதற்கு ஆதாரம்.

"ஒரு நாளைக்கு மூணு தடவதான் முயற்சி பண்ணலாம், அக்கா" என்றாள் மஞ்சுளா.

லிடியா தன் பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். சக்கரம் சுற்றியது. சர்டிபிகேட் செல்லாது என்று வந்தது.

"இன்னா சர்டிபிகேட்டு கேக்குது? ஞானஸ்நான சர்டிபிகேட்டா?" என்றாள் கிளியம்மாள்.

"இல்லக்கா, அது மெஷினோட சர்டிபிகேட்."

இரண்டாவது முறையும் அதே பதில். மஞ்சுளா நகம் கடித்தாள். ஏசுதாசுக்கு ஆச்சரியம். அவருடைய ஸ்டிக்கருக்கு இன்னும் வேலையே வரவில்லை.

"இன்னாங்க, இது மாட்டாது போல கீதே" என்று லிடியா அவர் பக்கம் திரும்பினாள். "மாட்டலேன்னா படிப்ப வுட்டுட்றேன். வூட்டுக்குப் போயி மீன் கொழம்பு வெக்கிறேன்."

"மனசத் தளர வுடாத" என்றார் ஏசுதாஸ், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"மாட்டிச்சுன்னா?"

"மாட்டிச்சுன்னா இன்னா?"

"சனிக்கிழம சமையல் உங்களுது. இருபத்து நாலு சனியும்."

"தாராளமா."

"கிளி, கேட்டுக்க."

"கேட்டுக்கினுதான் கீறேன். மஞ்சுளா, நீயும் சாட்சி."

மணி பத்து ஐம்பது. மீதி ஒரு முயற்சி. அப்போதுதான் ஏசுதாஸ் திரையின் கீழ் மூலையைப் பார்த்தார். தங்கச்சி வீட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப். அதில் தேதி 2019 ஜனவரி ஒன்று என்று இருந்தது.

தப்பான தேதியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த நாள் அவர் வாழ்க்கையில் இல்லை. உள்ளங்கை அரித்தது. சொல்லக் கூடாது என்று உதட்டை மடித்தார். பிறகு யோசித்தார். தேதியைச் சொன்னால் நல்ல பெயர். சொன்னாலும் முகம் காட்டும் இடத்தில் ஸ்டிக்கர் காவல் நிற்கிறது. பெயரும் கிடைக்கும், குழம்பும் கிடைக்கும்.

"தேதி தப்பா கீது பாரும்மா. கேட் பாஸ்ல தேதி தப்புன்னா நானே உள்ள வுடமாட்டேன்."

மஞ்சுளா நிமிர்ந்தாள். "சார், அதேதான். இந்தத் தேதியில சர்டிபிகேட்டே பொறக்கல."

தேதியைத் திருத்தினாள். மூன்றாவது முறை. சக்கரம் சுற்றி நின்றது. 'முகத்தைக் காட்டவும்.' ஏசுதாஸ் ஆறுதல் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

திரையில் லிடியா தெரிந்தாள். கம்மல் உட்பட, தெளிவாக. பச்சை டிக் விழுந்தது.

"அண்ணன் மூளையே மூளை" என்றாள் கிளியம்மாள்.

"அதுக்குத்தான கூட்டிகினு வந்தேன்" என்றாள் லிடியா. "மீனு வாங்கி ஃப்ரிட்ஜில வெச்சிட்டேன். புளி ஊறப் போட்டாச்சு."

ஏசுதாஸ் லேப்டாப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். செருப்பைத் திருப்பியும் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை. வெயிலில் பசை காய்ந்து விழுந்திருக்கும் என்று வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன் கழுவினார்.

மூன்றரைக்கு லிடியா வந்தாள். எதிரே உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, வகுப்பில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வழக்கமான கேன்டீன் கதையைவிட நன்றாகவே இருந்தது. "அடுத்த வாரம் புளி கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அவருக்குக்கூட அந்தக் குழம்பு பிடித்துத்தான் இருந்தது.

பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். அட்டை இருந்தது. மூலையில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர், சற்றுக் கோணலாக, மேலே ஒரு பொட்டு இட்லி மாவோடு உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அவர் எழுதிய பதினொன்று அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் லிடியாவின் உருண்டைக் கையெழுத்து.

மீதி 12.