வரிக்கு வரி காவல்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம், ஒருவருடைய கணக்கை இன்னொருவர் பார்க்காமல் மறைத்ததுதான். அந்தப் பெருமையில் ப்ளோவ்டிவ் நகரில் லூத்தெனிட்சா என்னும் குடைமிளகாய்த் தொக்கு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கும் பங்கு உண்டு. அங்கே அறிக்கைகள் தயாரிக்கும் ரலித்சாவின் கையால்தான் அது நடந்தது.

பொது அறிக்கையில் புர்காஸ் கிளை தன்னைவிட அதிகம் விற்றதைப் பார்த்துவிட்டு, வார்னா கிளை மேலாளர் ராடோய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இயக்குநர் கலபோவ் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இனிமே அவங்கவங்க ஊர் வரியை மட்டும்தான் அவங்கவங்க பார்க்கணும். இதுக்குப் பேரு 'வரிப் பாதுகாப்பு'."

கணக்குப் பிரிவுத் தலைவரின் முகம் மலர்ந்தது. "எந்த வரி சார், வருமான வரியா?"

"அறிக்கையில இருக்கிற வரி. உட்காருங்க."

ரலித்சா ஒவ்வொருவர் பெயருக்கு நேரே அவரவர் ஊரை எழுதினாள். கம்ப்யூட்டரில் உள்ளே நுழைபவரின் பெயரைப் பார்த்து, மற்ற ஊர்களை அறிக்கை தானாகவே மறைத்துவிடும். அடுத்த கூட்டத்தில் கலபோவிடம் கேட்க ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"உங்களுக்கு எல்லா ஊரும் போட்டுடவா சார்?"

"தலைவனே விதியை மீறலாமா? எனக்குன்னு ஊரே கிடையாது. காலியா விடு."

"அப்போ உங்களுக்கு வெறும் பக்கம்தான் வரும்."

"சுத்தமா இருக்கும்ல?"

இந்தத் தியாகத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

வெயில் ஏறியதும் தொக்கு பாட்டில்கள் வெடிக்கத் தொடங்கின. வார்னாவில் ஒரு ஞானஸ்நான விருந்தில் ஒன்று வெடித்து, பாதிரியாரின் தாடி சிவந்தது. ராடோய் தன் அறிக்கையைத் திறந்தார். புகார் ஒன்று. "பாதிரியாருக்கு மூடி திறக்கத் தெரியலை" என்று முடித்துவிட்டார். புர்காஸிலும் ஒன்று, ரூசேயிலும் ஒன்று. ஊருக்கு ஒரே ஒரு முட்டாள்தான் என்று மேலாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அறிக்கையைக் கட்டியவள் என்பதால் ரலித்சாவுக்கு மட்டும் மறைப்பு இல்லை. எல்லா ஊர் ஒன்றுகளும் அவள் திரையில் வரிசை கட்டி நின்றன. ப்ளெவனில் ஒரு கடைக்காரப் பெண்ணின் புருவத்தைக் கண்ணாடிச் சில்லு கிழித்திருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண். ரலித்சா இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், வெடிச்சதெல்லாம் ஒரே நாள் காய்ச்சின சரக்கு. கடையில இருக்கிறதை உடனே திரும்ப எடுத்துடணும்."

"மத்த ஊர் வரியெல்லாம் நீ எப்படிப் பார்த்தே?"

"நான்தானே சார் அதைக் கட்டினேன்."

"அதான் ஓட்டை." கலபோவ் வருத்தத்தோடு தலையாட்டினார். "சாயங்காலத்துக்குள்ள அதை அடைச்சுடு."

அவள் அடைத்தாள். அதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தாள். வேலை போய்விடலாம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

பெண் அதிகாரி ஒருவர் வந்தார். கலபோவ் பெருமையோடு தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம், ஒண்ணுமே இல்லை. கம்ப்யூட்டரே காட்டலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி ரலித்சாவைப் பார்த்தார். "ஏம்மா காட்டலை? கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்லை மேடம், அற்புதமா வேலை செய்யுது" என்றாள் ரலித்சா. "யாருக்கு எது தெரியணுமோ அது மட்டும்தான் தெரியும். எதுவுமே தெரியக் கூடாதுன்னு சார் கேட்டு வாங்கிக்கிட்டார்."