கோயில் திரையும் நான் சொன்ன பொய்யும்

மதிப்பிற்குரிய சம்பந்தி தனபாலன் அவர்களுக்கு, புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கார்த்திகேசு கைகூப்பி எழுதுவது. நானும் என் மனைவி திலகாவும் உடம்பால் நலம். ரவாங்கில் தாங்களும் வீட்டாரும், எங்கள் மருமகளாக வரப்போகும் விஷாலினியும் நலமாக இருக்க வேண்டும். யாராவது தங்களுக்கு வீடியோ அனுப்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் கருவறைத் திரையைக் கயிறு இழுத்துத் திறப்பதுதான் வழக்கம். தலைவர் சன்னாசியிடம் நானாகவே போய், "மோட்டார் வெச்சிடலாம்ணே, போன்ல தட்டுனா தொறந்துக்கும்" என்றேன். இரண்டு பக்கமும் சுழலும் மோட்டார் அது. ரிலே என்ற சுவிட்ச் ஒன்று விழுந்தால் திரை திறக்கும், இன்னொன்று விழுந்தால் மூடும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் மோட்டார் புகைந்துபோகும். அதனால் ஒன்று அணைந்த பிறகே மற்றது விழும்படி செய்துவிட்டு, இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். முதலில் எங்கள் வீட்டு ஜன்னல் திரையில்தான் செய்துபார்த்தேன். வாயால் சொன்னாலே மூடிக்கொள்ளும்.

ஆடி வெள்ளி மாலை, கோயில் நிறைய கூட்டம். பூசாரி கற்பூரம் ஏற்றினார், நான் போனைத் தட்டினேன், திரை விலகியது, எல்லோரும் கையைத் தூக்கினார்கள், உடனே திரை மூடிக்கொண்டது. மறுபடி தட்டினேன். திறந்தது, மூடியது. மூன்றாம் முறையும் அப்படியே. பூசாரி உள்ளே, மணிச்சத்தம் மட்டும் வெளியே. "ஆத்தா மொகங்காட்ட மாட்டேங்குறா! யாரோ தப்பு பண்ணிட்டு வந்து நிக்கிறாங்க லா!" என்று ஓர் அம்மாள் கத்தினார். சம்பந்தி, அங்கே அது மோட்டார் என்று நன்றாகத் தெரிந்த ஆள் நான். முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவனும் நான்தான். "தாயே, நான் கரண்டு வேலைக்கு லைசென்ஸ் எடுத்த சார்ஜ்மேன் இல்ல! ஸ்டோர்ல பல்பு எடுத்துக் குடுத்த ஆளு! சம்பந்திகிட்ட பொய் சொல்லிட்டேன்!" என்று அலறினேன். அலறியதில் விரல் போனில் பட்டிருக்க வேண்டும். திரை விலகி அப்படியே நின்றது. கூட்டம் என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டது.

வீட்டுக்குப் போனால் திலகா எண்ணெய்க் கரண்டியோடு நிற்கிறாள். "என்னா செட் பண்ணி வெச்சிருக்கீங்க? வெயில் மூஞ்சில அடிக்குதேன்னு 'கர்ட்டன் க்ளோஸ்'னு தொண்ட வத்தக் கத்துறேன், அசையவே மாட்டேங்குது. கடசில கையாலயே மூடிட்டேன்!" அப்போதுதான் விளங்கியது. கோயில் திரைக்கும் வீட்டுத் திரைக்கும் போனில் ஒரே பெயரை வைத்திருந்திருக்கிறேன். இவள் இங்கே சொல்லச் சொல்ல, அங்கே அம்மனுக்கு மூடியிருக்கிறது.

நாங்கள் பெண் கேட்டு வந்த அன்று தாங்கள் என் வேலையைக் கேட்டதும், வாய் தானாக அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. முப்பது வருடம் சார்ஜ்மேன்களுக்கு வயர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கொஞ்சம் கற்றுக்கொண்டவன் என்று சொல்ல வெட்கம். மகன் அகிலனுக்கு இதில் பங்கில்லை. என் பொய்யை அவன்மேல் ஏற்றிவிடாதீர்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டேன், பழைய கயிற்றையே கட்டிவிட்டேன். இனி டார்ச்லைட்டுக்கு பேட்டரிகூட மாற்றமாட்டேன்.

அம்மன் தங்கள் வீட்டில் எல்லோரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

தலைகுனிந்து,
கார்த்திகேசு

பி.கு.: இப்போதுதான் சன்னாசி அண்ணன் வந்துபோனார். என் அலறலைக் கேட்டுப் பயந்துபோன யாரோ, காணாமல்போயிருந்த கோயில் அண்டாவைக் காலையில் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். "காணாமப்போன மைக் செட்டு இன்னும் வரல லா. வர்ற வெள்ளியும் தெர அப்படியே ஆடட்டும்" என்கிறார். மோட்டாரை மறுபடி மாட்டச் சம்மதித்துவிட்டேன். சரியாக ஆறரைக்குக் கத்தும்படி திலகாவிடமும் சொல்லியாயிற்று. தாங்கள் குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும். திரை மூடும்போது எல்லோர் கண்ணும் முன்னால் நிற்பவர்கள் மேல்தான் போகும்; முன்வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம்.