ஜப்பானைத் தரம் பிரித்த தராசு நைனா

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் தராசு நைனா கிரேடு போடாமல் விட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இறால் ஏற்றுமதி ஷெட்டில் அவர்தான் தரம் பிரிப்பவர். ஓர் இறாலை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் போதும், எடை என்ன, செத்து எத்தனை மணி நேரம் என்று ஜாதகமே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், "ஃபாதர் பிரசங்கம் இன்னிக்கு ரெண்டாங் கிரேடு" என்பார். தன் ஐந்து பிள்ளைகளையும் கிரேடு வாரியாகத்தான் அறிமுகப்படுத்துவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் கோபே நகரில் எங்கள் இறாலை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு தந்தி வந்தது. போன சரக்கில் வாடை; நேரில் வந்து பதில் சொல்லாவிட்டால் இனி ஆர்டர் கிடையாது. அந்த ஜப்பான்காரரை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை. ஷெட்டை மூடினால் இறால் உரிக்கும் நாற்பது பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் ஒருத்தி நைனாவின் மனைவி. முதலாளியோ விமானம் மட்டும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே சரக்கு தெரிந்த நைனாவும், இங்கிலீஷ் தெரியும் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட்டான நானும் கிளம்பினோம்.

எங்களை வரவேற்றவருக்கும் என் அளவுக்குத்தான் இங்கிலீஷ். வியாபாரம் அப்புறம், முதலில் ஊரைப் பாருங்கள் என்று ரயிலேற்றிப் பெரிய புத்தர் கோயிலுக்கு அழைத்துப்போனார். நைனா அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "எத்தினி வருசமா குந்திகினு கீறாரு, கேளு தம்பி" என்றார். கேட்டேன். அவரும் விலாவாரியாகப் பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

"ரொம்ப நாளா, நைனா."

"அது எனுக்கே தெரியுதே!"

வெளியே வந்தால், கோயிலைச் சுற்றி அவிழ்த்துவிட்டிருந்த மான்களில் ஒன்று அவர் பாஸ்போர்ட்டைக் கவ்விக்கொண்டது. "வுடு கஸ்மாலம்!" என்று நைனா இழுக்க, மான் இழுக்க, எங்கள் ஜப்பானியர் மானிடம் மன்னிப்புக் கேட்டாரா எங்களிடம் கேட்டாரா என்பது இன்றுவரை தெரியாது.

மறுநாள் மத்தியானம் விருந்து. சோற்று உருண்டைகளின் மேல் பச்சை இறால். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரீட்சை வெக்கிறானுங்க, தம்பி" என்று என் காதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். சோற்றை ஒதுக்கினார். ஒவ்வோர் இறாலாக முகர்ந்து, மடக்கிப் பார்த்து, மூன்று குவியல் போட்டார். எதிரே இருந்த கம்பெனிப் பெரியவரின் தட்டிலிருந்தும் இரண்டை எடுத்து மூன்றாவது குவியலில் சேர்த்தார்.

"நைனா, அது சாப்பாடு!"

"வேவிக்காமயா?"

"இங்க அப்படித்தான்."

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா பேஜாரு ஒனுக்கு?"

அடுத்த நாள் காலை ஆபீசில் பேச்சுவார்த்தை. வாடை அடித்த எங்கள் சரக்கையே, வாடை தெரியாதபடி ஐஸோடு ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, பெரியவர் கோபமாக எங்கள் பக்கம் நகர்த்தினார். நைனா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேற்றைய தப்பை இன்று செய்வதில்லை என்ற உறுதி அவர் முகத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் இறாலை எடுத்துத் தன் வாயில் போட்டுவிட்டார். ஒரு கணம் குனிந்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்றையும் எடுத்துத் தின்றார்.

பெரியவர் எழுந்தார். கூட இருந்தவர்களும் எழுந்து இடுப்புவரை குனிந்தார்கள். பதறிப்போய் நைனாவும் குனிந்ததில் நெற்றி மேசையில் மோதியது.

"இன்னா தம்பி ஆச்சு?"

"தெரியல நைனா, குனிஞ்சுகிட்டே இருங்க."

சாயங்காலம் ஆர்டர் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. தன் சரக்குக்குத் தன் வயிற்றையே ஜாமீன் வைத்த மனிதர் என்று நினைத்தார்களோ என்னவோ.

திரும்பும் விமானத்தில் நைனா வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். "அது சாம்பிள்னு நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டேன்.

"மொத எறாவ சாப்பாடுன்னுதான் துன்னேன். வாய்ல வெச்சதும் தெரிஞ்சிபோச்சு. துப்பலாம்னுதான் குனிஞ்சேன்."

"அப்புறம் ஏன் ரெண்டாவது?"

"தட்டுல மீதி கெடந்தத பாத்தேன். முதுவு நரம்பு எடுக்கிற கீறலு எல்லாரு கையிலயும் ஒரு பக்கமா சாயும். இதுல மாத்தி சாஞ்சிருந்திச்சு. நம்ம ஷெட்டுல பீச்சாங்கையால உரிக்கிறது எம் பொண்டாட்டி ஒருத்திதான். அவ உரிச்சத, அத்தினி பேரு மின்னாடி துப்பச் சொல்றியா?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போர்வையை இழுத்து அவர் வயிற்றை மூடிவிட்டேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.